அப்பாவின் ரெக்கார்டுகளுக்கு முதல் ஸ்டீரியோ: 90,000 ரூபாயை எங்கே போடுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா சேர்த்து வைத்த எல்.பி.க்கள், சின்ன இ.பி.க்கள், கொஞ்சம் 78 தட்டுகள் வீட்டில் இருக்கின்றன. கையில் 90,000 ரூபாய். ஹால் 12-க்கு 16 அடி. சூட்கேஸ் மாதிரி திறந்து மூடும் பிளேயரே போதும் என்கிறார் கடைக்காரர். அமெரிக்காவில் இருக்கும் மாமா தன் பழைய டர்ன்டேபிளைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரிலேயே இணைத்துவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். எந்த பிராண்டு வாங்குவது என்பதுபோல எழுதியிருந்தாலும், கேள்விக்குள் இருப்பவை இரண்டு. எதில் பணம் போட்டால் காதில் தெரியும், எதில் குறைத்தால் தெரியாது என்பது ஒன்று. தட்டுகள் தேயாமல் இருக்க எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது இன்னொன்று.

என் பதில் இது: ஸ்பீக்கருக்கு 35,000 வரை, டர்ன்டேபிளுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் (முள்ளைப் பிடித்து அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பாகம்) சேர்த்து 30,000 முதல் 33,000, ஆம்ப்ளிஃபயருக்கு 20,000 சுமாருக்கு. மிச்சம் ஒயர், முள் அழுத்தும் எடையைப் பார்க்கும் கருவி, சுத்தம் செய்யும் சாமான்களுக்கு. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கும் சத்தத்தின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும் அது நிற்கும் அறையும். ரெக்கார்டின் ஆயுளைத் தீர்மானிப்பது முள். நடுவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும், அதில் ஆடம்பரம் தேவையில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு செய்யுங்கள். 12 அங்குல எல்.பி.க்கள் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 7 அங்குலத் தட்டுகள் பெரும்பாலும் 45, ஆனால் 33⅓-இல் ஓடுபவையும் உண்டு, லேபிளைப் படித்துப் பார்த்துப் பிரித்து வையுங்கள். கனமாக, கீழே விழுந்தால் ஓடு போல உடையக்கூடிய 10 அங்குலத் தட்டுகள் 78. இவை அரக்கால் ஆனவை, வினைல் அல்ல. இவற்றின் பள்ளம் அகலமானது, அதனால் முள்ளின் முனை ஆரம் சுமார் 75 மைக்ரான் இருக்க வேண்டும். எல்.பி. முள்ளுக்கு அது 18 மைக்ரான் அளவில்தான். எல்.பி. முள்ளை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு இரைச்சலை மட்டும் வாரிக்கொண்டு வரும். 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் அந்த எல்.பி.யை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே 78 தட்டுகளை உண்மையிலேயே கேட்கப் போகிறீர்களா, நினைவுக்காக மட்டும் வைத்திருக்கப் போகிறீர்களா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். கேட்பதென்றால் 78 வேகம் உள்ள டர்ன்டேபிள் வேண்டும், அது தேர்வைக் கணிசமாகச் சுருக்கிவிடும். அடுத்து, ஸ்டீரியோவா மோனோவா என்று பாருங்கள். 1970-களின் பிற்பகுதி வரை வந்த தமிழ்த் திரைப்பட ரெக்கார்டுகளில் பெரும்பாலானவை மோனோ. இது குறை அல்ல. ஆனால் இடமும் வலமும் கருவிகள் பிரிந்து கேட்கும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். குரல் நடுவில் நிற்கும், அவ்வளவுதான்.

இப்போது மின்சாரப் பக்கம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ் கொடுக்கும் மின்னழுத்தம் 4, 5 மில்லிவோல்ட்தான். சி.டி. பிளேயர் கொடுப்பது 2 வோல்ட் அளவு. போதாததற்கு, ரெக்கார்டு வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளை (பேஸ்) குறைத்தும் உயர்ந்த ஒலிகளை (ட்ரெபிள்) கூட்டியும் வெட்டுகிறார்கள். தாழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து இடத்தைத் தின்றுவிடும். உயர்ந்த ஒலியைக் கூட்டி வைத்தால், திரும்ப இசைக்கும்போது அதைக் குறைக்கையில் பரப்பு இரைச்சலும் சேர்ந்து குறையும். 1950-களின் நடுவிலிருந்து நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு இதுதான், 20 ஹெர்ட்ஸிலும் 20,000 ஹெர்ட்ஸிலும் திருத்தம் ஏறக்குறைய 20 டெசிபல். இந்தத் திருத்தத்தைச் செய்து, சிக்னலை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கிக் கொடுப்பது ஃபோனோ ப்ரீஆம்ப். அது மூன்று இடங்களில் இருக்கலாம்: டர்ன்டேபிளுக்குள்ளே, தனிப் பெட்டியாக, அல்லது ஆம்ப்ளிஃபயரின் ‘ஃபோனோ’ என்று போட்ட உள்ளீட்டில். எங்கே இருந்தாலும் சரி, வழியில் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் பாட்டு எங்கோ பக்கத்துத் தெருவில் ஓடுவதுபோல மெலிந்து, அடித்தளமே இல்லாமல் கேட்கும். இரண்டு இருந்தால் கரகரவென்று உடைந்து, காது வலிக்கும். புதிதாக வாங்கியவர்கள் ‘பீஸ் டிஃபெக்ட்’ என்று திருப்பிக் கொடுக்க ஓடும் பல சமயங்களில் கோளாறு இதுதான். டர்ன்டேபிளின் பின்பக்கம் ‘ஃபோனோ / லைன்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் (‘லைன்’ என்றால் உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் வேலை செய்யும்) முதலில் அதைப் பாருங்கள்.

சூட்கேஸ் பிளேயர் வேண்டாம். காரணம் கௌரவம் அல்ல. அவற்றில் மிகப் பல மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜோடு வருகின்றன. முள் தட்டை அழுத்தும் எடை 5 கிராம் சுமார், அதை மாற்றவும் முடியாது. நல்ல மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். இரண்டு தடவை ஓட்டினால் தட்டு அழிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது மிகைதான். ஆனால் முள் தேய்ந்துபோன ஒன்றில் அப்பாவின் தட்டுகளைத் தினமும் ஓட்டினால் உயர்ந்த ஒலிகள் மெல்ல மெல்லப் போகும், போனது திரும்பாது. அதைவிடப் பெரிய குறை, ஸ்பீக்கரும் முள்ளும் ஒரே பெட்டியில் இருப்பது. ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளுக்கே திரும்பி வரும், அதனால் தாழ்ந்த ஒலி என்று ஒன்றை அந்தப் பெட்டியால் தரவே முடியாது.

டர்ன்டேபிளில் பார்க்க வேண்டியவை நான்கு: முள்ளைத் தாங்கும் கையின் பின்னால் திருகிச் சரிசெய்யும் எடை, ஆன்டி-ஸ்கேட்டிங் வசதி (கை உள்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்வது), தனியாக மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ், எளிதில் கிடைக்கும் முள். பெல்ட்டா டைரக்ட் டிரைவா (மோட்டார் பெல்ட் வழியாகச் சுழற்றுவதா, நேரடியாகச் சுழற்றுவதா) என்ற சண்டையில் இந்த விலையில் அர்த்தம் இல்லை, இரண்டிலும் நன்றாகச் செய்தது நன்றாகவே ஓடும். உங்களிடம் 78 இருப்பதால் ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.-எல்.பி.120எக்ஸ் பொருத்தமாகத் தெரிகிறது. மூன்று வேகமும் உண்டு, உள்ளே ப்ரீஆம்ப் உண்டு, அதை அணைக்கவும் முடியும், கூடவே வி.எம்.95இ கார்ட்ரிட்ஜ் வருகிறது. அந்த வரிசையில் ஒரே உடம்புக்கு வெவ்வேறு முட்கள் கிடைக்கும். 78-க்கான முள்ளும் அதில் ஒன்று, கையால் இழுத்து மாற்றிவிடலாம். 78 வேண்டாம் என்றால் ரேகா பிளானர் 1 போன்ற எளிமையான பெல்ட் டிரைவ்களையும் பார்க்கலாம். ஆனால் அதில் வேகம் மாற்ற டர்ன்டேபிளின் சுழலும் தட்டைத் தூக்கி பெல்ட்டைக் கையால் இடம் மாற்ற வேண்டும். எல்.பி.யும் இ.பி.யும் மாறி மாறிப் போடும் வீட்டில் மூன்றாம் நாளே அலுத்துவிடும். இன்னொன்று: எல்.பி.120எக்ஸில் பக்கம் முடிந்தால் கை தானாக எழாது. பாட்டு கேட்டபடியே அப்பா கண்ணயர்ந்துவிடுவார் என்றால், முழுத் தானியங்கியான எல்.பி.60எக்ஸ் ஒரு மாற்று. எடை சரிசெய்ய முடியாது, 78 ஓடாது, சத்தம் ஒரு படி கீழே. ஆனால் அழுத்தும் எடை கம்பெனியிலேயே சரியாக வைக்கப்பட்டு வருவதால் தட்டுகளுக்கு ஆபத்தில்லை.

மாமாவின் டர்ன்டேபிள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் 120 வோல்ட் என்பது எல்லாருக்கும் தெரியும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய பெல்ட் டிரைவ்கள் பலவற்றில் இருப்பது ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. இங்கே ஓட்டினால் 33⅓ என்பது 27.8 ஆகிவிடும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், டி.எம்.எஸ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். சில மாடல்களுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி (பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) தனியாகக் கிடைக்கும், கிடைக்காதவையே அதிகம். டி.சி. மோட்டாரோ குவார்ட்ஸ் கட்டுப்பாட்டு டைரக்ட் டிரைவோ என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, வோல்ட்டை மட்டும் கவனித்தால் போதும். மாமாவிடம் மாடல் எண்ணைக் கேளுங்கள், அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் சிங்க்ரனஸ் மோட்டாராக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, மாடலின் விவரங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கொண்டுவருவதானால் சுழலும் தட்டு, எடை, கார்ட்ரிட்ஜ் மூன்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, கையை அதன் கொக்கியில் கட்டிவிடச் சொல்லுங்கள். பொருத்தியபடியே பெட்டியில் வந்தால் தட்டு சுழலும் தாங்கியின் நடுத்தண்டு வளைந்துபோக வாய்ப்பு அதிகம்.

ஆம்ப்ளிஃபயரில் நம் ஊரில் மாட்டிக்கொள்ளும் இடம் வாட். ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அட்டையில் போட்டிருப்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள். ஆர்.எம்.எஸ். எண் (தொடர்ந்து தரக்கூடிய வாட்), அதுவும் எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின் எதிர்ப்பு), இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போதா என்று பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வெட்டவெளியில் 9, 10 டெசிபல் குறையும், சுவர்கள் உள்ள அறையில் அதைவிடக் குறைவாக. இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 டெசிபல் திரும்பக் கிடைக்கும். ஆக ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட்டில் உங்கள் நாற்காலியில் 82, 83 டெசிபல், பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்திப் பேச வேண்டிய அளவு. மிருதங்கத்தின் அடி, தபேலாவின் தொடக்க அறை போன்ற திடீர் எழுச்சிகளுக்கு இன்னும் 10 முதல் 13 டெசிபல் இடம் விட்டால் 10 முதல் 20 வாட். எனவே சேனலுக்கு நிஜமான 30, 40 வாட் இருந்தால் உங்கள் ஹாலுக்குத் தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் விலையில் தெரியும் வித்தியாசம் காதில் அந்த அளவுக்குத் தெரியாது.

யமஹா ஏ-எஸ்201, டெனான் பி.எம்.ஏ.-600என்.இ., கேம்பிரிட்ஜ் ஆடியோ ஏ.எக்ஸ்.ஏ.35 ஆகியவற்றில் ஃபோனோ உள்ளீடு உண்டு. அதே வரிசைகளில் அது இல்லாத மாடல்களும் உண்டு (யமஹாவின் ஆர்-எஸ்202, கேம்பிரிட்ஜின் ஏ.எக்ஸ்.ஏ.25), பெயர் ஒன்றுபோல இருப்பதால் பின்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் டர்ன்டேபிளிலேயே ப்ரீஆம்ப் இருக்கும்போது ஃபோனோ உள்ளீடு கட்டாயமில்லைதான். ஆனால் இருந்தால் பிற்பாடு டர்ன்டேபிள் மாற்றும்போது கை கட்டப்படாது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் உள்ளங்கை அளவு கிளாஸ்-டி ஆம்ப்கள் மோசமில்லை, நல்ல ஸ்பீக்கருக்காகப் பணம் மிச்சப்படுத்த அது நேர்மையான வழி. அதில் ஏமாற்றுவது அடாப்டர். ‘50 வாட்’ என்று எழுதியிருக்கும், கூட வருவது 12 வோல்ட் அடாப்டராக இருக்கும். 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதிகபட்சம் சேனலுக்கு 9 வாட் வரும். 24 வோல்ட் கொடுத்தால் 36 வரை போகும். அடாப்டரையும் சேர்த்து விலை பாருங்கள். பழைய ஜப்பானிய ஆம்ப்கள் சென்னை ரிச்சி தெருப் பக்கத்திலும் இணையத்திலும் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் ‘மோனோ’ பொத்தான் இருக்கும். மோனோ ரெக்கார்டில் அதை அழுத்தினால் பள்ளத்தின் மேல்-கீழ் அசைவில் வரும் கீறல் இரைச்சல் நீங்கி பாட்டு சட்டென்று சுத்தமாகும், உங்கள் சேகரிப்புக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் 40 வயதான ஆம்பில் கெபாசிட்டர்கள் வறண்டிருக்கும், வால்யூம் குமிழ் கரகரக்கும். பழுது பார்க்கத் தெரிந்த நம்பகமான ஆள் கைவசம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஹோம் தியேட்டரைப் பற்றி: தனி ஏ.வி. ரிசீவரும் (ஹோம் தியேட்டருக்கான பல சேனல் ஆம்ப்) சாதாரண ஸ்பீக்கர் முனைகளும் உள்ளது என்றால், டர்ன்டேபிளை அதில் லைன் உள்ளீட்டில் கொடுத்து ‘ஸ்டீரியோ’ அல்லது ‘டைரக்ட்’ முறையில் வைத்துத் தாராளமாகத் தொடங்கலாம், ஆம்ப் செலவே மிச்சம். ஆனால் டப்பாவோடு வந்த கையகல ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் உள்ள செட் என்றால் அது பாட்டுக்கு ஆகாது. குரல் இருக்கும் நடுப்பகுதியே அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் இடையில் ஓட்டையாக விழும். சவுண்ட்பாருக்கும் ஸ்டீரியோவுக்கும் சம்பந்தமில்லை.

ஸ்பீக்கருக்கு வருவோம், பணத்தின் பெரும்பகுதி இங்கேதான். 12-க்கு 16 ஹாலுக்கு 5 முதல் 6½ அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் கூம்பு) உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி சரியான அளவு. வார்ஃப்டேல் டைமண்ட் வரிசை, க்யூ அகூஸ்டிக்ஸ் 3000 வரிசை, எலாக் டெபு, டாலி ஸ்பெக்டர் எல்லாம் இந்த விலைப் பக்கம் பேசப்படுபவை, எதை எடுத்தாலும் தப்பு என்று சொல்ல மாட்டேன். இவற்றில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது, உங்கள் அறையை நான் பார்க்கவில்லை, காதும் உங்களுடையது. கடையில் கேட்கப் போகும்போது கடைக்காரர் போடும் டெமோ பாட்டைக் கேட்காதீர்கள், அவை எல்லா ஸ்பீக்கரிலும் நன்றாகவே கேட்கும். உங்களுக்கு வரிவரியாகத் தெரிந்த இரண்டு பாட்டு கொண்டுபோங்கள். ஒன்று பெண் குரல், மற்றொன்று நாதஸ்வரமோ வயலினோ. சுசீலாவின் குரலில் ‘ச’ வரும் இடங்கள் சீறுகின்றனவா, நாதஸ்வரம் அரை மணிக்குப் பிறகும் காதைக் குத்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ‘ஆகா’ என்று அசத்தும் ஸ்பீக்கர் பெரும்பாலும் உயர்ந்த ஒலியைத் தூக்கி வைத்தது. அது பழைய ரெக்கார்டுகளின் கீறல் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கும். ஸ்பீக்கரின் ஓம் எண், ஆம்ப் தாங்கும் என்று சொல்லும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது, அதை மட்டும் சரிபாருங்கள்.

பெட்டிகளைக் குறைக்க வேண்டும் என்றால் ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கலாம். எடிஃபையர் ஆர்1280 வரிசை மலிவில் கிடைப்பது. ப்ரீஆம்ப் உள்ள டர்ன்டேபிளை நேராகச் செருகினால் வேலை முடிந்தது. 40,000, 50,000-க்குள் அடக்க வேண்டியிருந்தால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். குறை, ஒன்றை மட்டும் மேம்படுத்த முடியாது, உள்ளே ஒரு பலகை போனால் ஸ்பீக்கரே முடங்கும்.

ஆனால் நல்ல ஸ்பீக்கரைக் கெடுக்க நம் வீடுகளுக்கு அசாத்தியத் திறமை உண்டு. கிரானைட் அல்லது டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ் எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். உலோகத்தனமாக ‘ட்ர்ர்’ என்று இழுத்தால், 10,000 ரூபாய் கூடுதலாகப் போட்டு வாங்கும் ஸ்பீக்கர் தருவதைவிட ஒரு கனமான ஜமுக்காளமும் ஜன்னலுக்குத் தடித்த திரையும் அதிகம் தரும். ஸ்பீக்கரை ஷோகேஸ் குழிக்குள் வைக்காதீர்கள், லாஃப்டில் ஏற்றாதீர்கள். பின்சுவரிலிருந்து ஒரு அடியாவது, மூலையிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். மூலைக்கு ஒட்டினால் தாழ்ந்த ஒலி ஊதிப் பெருத்து மிருதங்கத்தின் தொப்பி எல்லாம் ஒரே ‘தொம் தொம்’ ஆகிவிடும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 6 முதல் 7 அடி, நீங்கள் உட்காரும் இடமும் அதே தூரம் அல்லது கொஞ்சம் கூடுதல். ட்வீட்டர் (உயர்ந்த ஒலி தரும் சின்னப் பகுதி) உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வர வேண்டும், சோபாவில் உட்காருவதென்றால் 24 முதல் 28 அங்குல ஸ்டாண்டு. தச்சரிடம் கனமான மரத்தில் செய்து வாங்கினாலே போதும், மேலே நான்கு ரப்பர் புஷ். தரையில் உட்கார்ந்து கேட்கும் வீடென்றால் உயரத்தை அதற்கேற்பக் குறையுங்கள்.

ஸ்பீக்கர் ஒயருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃப்ளெக்ஸிபிள் ஒயர் 5 மீட்டர் தூரத்துக்குப் போய்வர 0.12 ஓம்தான் எதிர்ப்பு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 4 ஓம் அல்லது நீண்ட தூரம் என்றால் 2.5 எடுங்கள். இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரி இணைக்கப்பட்டதா என்பதுதான் முக்கியம். மோனோ ரெக்கார்டு ஒன்றைப் போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நின்றால் சரி. அங்கும் இங்கும் பரவி, இடம் சொல்ல முடியாமல், தாழ்ந்த ஒலி காணாமல் போயிருந்தால் ஒரு பக்கம் மாற்றிச் செருகியிருக்கிறீர்கள். டர்ன்டேபிளிலிருந்து போகும் ஆர்.சி.ஏ. ஒயர் மட்டும் குட்டையாக, 1 முதல் 1½ மீட்டருக்குள் இருக்கட்டும். மேக்னட் கார்ட்ரிட்ஜ் ஒயரின் கெபாசிட்டன்ஸுக்கு (மின்னூட்டம் தேக்கும் தன்மை) உயர்ந்த ஒலியில் பதில் சொல்லும். வி.எம்.95-க்குக் கம்பெனி சொல்வது 100 முதல் 200 பிகோஃபாரட். நீளம் கூடினால் அந்த எல்லை தாண்டும். இங்கே ஒயரின் விலையைவிட நீளம் முக்கியம்.

டர்ன்டேபிள் வைக்க நம் பழைய வீடுகளில் ஒரு வரப்பிரசாதம் உண்டு: சுவரில் பதித்த கடப்பாக்கல் பலகை. தரையில் யார் நடந்தாலும் முள் குதிக்காது. அது இல்லாவிட்டால் கனமான மேசை. எதுவானாலும் ஸ்பீக்கர் நிற்கும் அதே பலகையில் வேண்டாம், வால்யூம் கூட்டும்போது ‘ஊ…’ என்று ஊளையிடத் தொடங்கும். ஸ்பிரிட் லெவலால் மட்டம் பார்த்த பிறகு எடை: ஆன்டி-ஸ்கேட்டிங்கை 0-வில் வைத்து, முள்ளின் உறையைக் கழற்றி, பின்னால் உள்ள எடையைத் திருகி, கை மேலும் கீழும் போகாமல் கிடையாக மிதக்க விடுங்கள். அந்த நிலையில் எண் வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்புங்கள், பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்து 2.0 வரை. வி.எம்.95இ-க்கு 1.8 முதல் 2.2 கிராம், ஆர்ட்டஃபான் 2எம் ரெட் என்றால் 1.8. ஆன்டி-ஸ்கேட்டிங்கிலும் அதே எண்ணை வையுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் எடை மலிவுதான், வளையத்தை நம்புவதைவிட அது மேல். எடையைக் குறைத்தால் ரெக்கார்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம். எடை போதாவிட்டால் முள் பள்ளத்தில் தத்தித் தத்திச் சுவரைக் கொத்தும், 0.2 கிராம் கூடுதலைவிட அது கெடுதல் அதிகம். கார்ட்ரிட்ஜ் கோணம் பார்க்கும் தாள் இணையத்தில் கிடைக்கும். நடுத்துளையிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு நேராக நிற்க வேண்டும். அச்சிடும்போது பிரின்டர் 95, 97 சதவீதமாகச் சுருக்கிவிடும், அளவுகோலால் அளந்து பார்த்தபின் வெட்டுங்கள்.

தொந்தரவுகள் எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த முனகல் என்றால் முதலில் டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயர் ஆம்பின் ‘ஜி.என்.டி.’ திருகில் முடுக்கப்பட்டதா பாருங்கள் (ரேகாவில் தனி ஒயர் இருக்காது, தேடாதீர்கள்). முள்ளைத் தாங்கும் கையைத் தட்டின் மேல் நகர்த்தும்போது முனகல் கூடிக் குறைந்தால், பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் பிடிக்கிறது, ஆம்பைத் தள்ளி வையுங்கள். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றால் வீட்டு எர்த்திங்கில் கோளாறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், முனகலைப் போக்க மூன்றாவது பின்னை வெட்டும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வலது பக்கம் மட்டும் கரகரத்தால் ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் கொஞ்சம் கூட்டுங்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் உடைந்து கேட்டால் பாதி குற்றம் கோணத்தில், மீதி ரெக்கார்டின் இயல்பிலேயே. உள்வட்டம் சிறிதாவதால் அதே நேரத்துக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைந்துவிடுகிறது. சத்தமே இல்லாதபோதும் வூஃபர் முன்னும் பின்னும் ஊசலாடினால் தட்டு வளைந்திருக்கிறது. ‘சப்சோனிக்’ அல்லது ‘ரம்பிள்’ ஃபில்டர் இருந்தால் போடுங்கள்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் அளந்து பார்த்துச் சொல்லக்கூடியவை. வாதத்துக்குரியவையும் உண்டு. வினைல் டிஜிட்டலைவிட உயர்ந்தது என்பது அளவீட்டில் நிற்காது. இரைச்சலிலும் சேனல் பிரிவிலும் சி.டி. மேல்தான். ஆனால் பழைய ரெக்கார்டு ஒன்றின் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செம்மைப்படுத்துவது), அதே பாட்டின் பிற்கால சி.டி.யைவிட நன்றாக இருப்பது உண்டு, உங்கள் அப்பாவின் தட்டுகளில் எத்தனை அப்படி என்பது கேட்டால்தான் தெரியும். புதிதாக வரும் மறுவெளியீட்டு எல்.பி.க்களில் டிஜிட்டல் மூலத்திலிருந்து வெட்டியவையும் ஏராளம். ஸ்பீக்கருக்கு நூறு மணி நேரம் ‘பழக்க’ வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, பழகுவது பெரும்பாலும் காது.

முதல் முறை ஓட்டும் முன் தட்டுகளைக் கழுவிவிடுங்கள். கடலோர ஊர்க் காற்றில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருக்கும், அதன் மேல் வைரமுள்ளை ஓட்டினால் அழுக்கைப் பள்ளத்துக்குள் அழுத்தித் தேய்ப்பதாகிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டே சொட்டு, மென்மையான துணி அல்லது தூரிகை. பள்ளத்தின் வட்டத்தோடு துடையுங்கள், குறுக்கே அல்ல. லேபிள் நனையக் கூடாது. பிறகு சோப்பில்லாத டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். 78 தட்டுகளில் ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த எதையும் தொடவிடாதீர்கள், அரக்கு அதில் கரையும். அடுக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்துங்கள், வெயில் படும் ஜன்னலோரமும் மூடிய காரும் கூடாது.

ஒன்றிரண்டு வருடம் கழித்து மேம்படுத்த ஆசை வந்தால் ஆம்பைத் தொடாதீர்கள், முள்ளை மாற்றுங்கள். வி.எம்.95இ-யின் நீள்வட்ட முள்ளுக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 300 மணி, ஏறக்குறைய 900 பக்கங்கள். அதே உடம்பில் பொருந்தும் மைக்ரோலீனியர் முள் வி.எம்.95எம்.எல்.-க்கு 1,000 மணி. விலை கூட, ஆனால் கடைசிப் பாட்டின் கரகரப்பு குறைவதை முதல் நாளே கேட்கலாம். மணிக்கணக்கைக் குறித்துவர டர்ன்டேபிளின் அடியில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்துக்கு ஒரு கோடு போடுங்கள். 300 மணி ஆகும் முன்பே மாற்றினால் கழற்றிய முள்ளை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடையில் வாங்கும், என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாத தட்டை முதலில் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல முள்ளை வைக்கலாம்.